நாலு அடிக்குள் விடை

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே வேர்க்கடலை வாங்கினேன். பல் இருக்கிற வரைக்கும் கடலையை விடுவதாக இல்லை என்று டாக்டரிடமே சொல்லிவிட்டவள் நான். தின்று முடித்துப் பொட்டலத்தைக் கசக்கப் போனால், அதில் கேள்வியும் பதிலும்! ஏதோ போட்டித் தேர்வு கைடிலிருந்து கிழித்த தாள். 'உலகிலேயே ஆழமான ஏரி எது?' என்று கேட்டு, கீழே நாலு விடை கொடுத்து, அதில் ஒன்றைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். கடலைக்காரர், "இன்னாமா, கல்லு கில்லு இருந்துச்சா?" என்று கேட்கிற வரைக்கும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு விடை கொடுக்கிற தாராள மனசெல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது. கேள்வி இருக்கும், பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க கிளார்க் பரீட்சை இப்படித்தான் இருந்தது.

பழைய தாளின் வாசனைக்கு ஒரு குணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எந்தப் புத்தகமாக இருந்தாலும் நாம் முதலில் முகர்ந்த பழைய புத்தகத்திடமே கொண்டுபோய் விட்டுவிடும். எனக்கு அது பாய் கடைக் கைடு. பெரிய காஞ்சிபுரத்தில் பழைய பேப்பரை எடைக்கு வாங்கி விற்கிற பாய் ஒருவர் இருந்தார். அவர் கடையில் அண்ணி தோண்டி எடுத்த பொது அறிவுப் புத்தகம் அது. அட்டை கிடையாது. பிரித்தால் ஊதுவத்தியும் கரப்பான்பூச்சியும் கலந்த ஒரு வாடை.

"நாலு வருஷப் பழசு பாய் இது. இதுல இருக்கிற மந்திரிங்க பாதிப் பேரு இப்ப இல்ல" என்று அண்ணி விலையைக் குறைக்கப் பார்த்தாள்.

பாய் அசரவே இல்லை. "மந்திரி மாறுவாங்கம்மா. ஆறும் மலையும் எங்கியாவது மாறுதா? அத மொதல்ல படி" என்று புத்தகத்தைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு மதியம் முழுக்க நானும் அண்ணியும் சிவப்புப் பென்சிலால் மந்திரிகளை அடித்துக்கொண்டே வந்தோம். இங்கே ஒருவர் பதவி போயிற்று, அங்கே ஒரு மந்திரிசபையே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்தும் அந்த அளவு அதிகாரம் எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அண்ணியைப் பற்றிச் சொல்லவில்லையே. என் அண்ணனின் மனைவி. மாகறலில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் அண்ணி. அம்மா ராட்டையில் உட்கார்ந்து நூல் சுற்றுவாள். நான்? நானும் அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். தறி எனக்கு வராது. உட்கார்ந்தால் இழையை அறுப்பேன். அதனால் வீட்டில் என்னைத் தறிப் பக்கமே விடுவதில்லை. தின்பதும் தூங்குவதும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகப் பக்கத்து வீட்டில் காத்துக் கிடப்பதும்தான் என் ஜோலி.

அண்ணிக்கு அந்தப் பரீட்சையை எழுத ஒரே ஒரு தடவைதான் மிச்சம் இருந்தது. அதற்குக் காரணம் அவள் நைனா. அக்கா பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போக அழுகிறாளே என்று, சின்னவளையும் வயதைக் கூட்டிச் சொல்லி அக்காவோடு சேர்த்து விட்டுவிட்டார். வாத்தியாரும் மகராசனாக அப்படியே எழுதிக்கொண்டார். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அண்ணிக்கோ சர்டிபிகேட்டில் ஏறிய வயது ஏறியதுதான். அதன்படி அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். "நெஜ வயசுப்படி பாத்தா எனக்கு இன்னும் ரெண்டு தபா எழுதலாம் பாப்பா. நைனா சும்மா இருந்திருந்தா!" என்று சொல்லிச் சிரிப்பாள். என்னை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"வேலைக்குப் போய் இன்னா பண்ணப் போறீங்க அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேன். சம்பளம், பென்ஷன் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"நாற்காலில ஒக்காரணும். காலு தரையில படணும்" என்றாள்.

குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்கு இது புரியாது. தரையில் ஒரு குழி தோண்டி, குழிக்குள் மிதிகளை வைத்திருப்பார்கள். நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். காலையில் உள்ளே போகும் கால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வரும். சாயங்காலம் அண்ணியின் பாதம் இரண்டும் ஊறின மாதிரி வெளுத்து வீங்கியிருக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிட்டு நான் கேட்டதில்லை. நாற்காலி வேண்டும் என்று சொன்னதுதான் முதலும் கடைசியும்.

ஆனால் படிக்க ஏது நேரம்? சேலையை முடித்துக் கொடுத்தால்தான் வீடு நடக்கும். அண்ணிதான் வழி கண்டுபிடித்தாள். "கை காலுதானே வேல செய்யுது, காது சும்மாதானே இருக்குது? நீ கேள்வியப் படி பாப்பா, நான் சொல்றேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் மதியம் அண்ணன் டீக்கடைக்குப் போகிற நேரம் எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கும். நான் தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு உரக்கக் கேள்வி படிப்பேன். அண்ணி மிதியை மிதிப்பாள், ஊடை நூல் ஓடும் நாடாவை வீசுவாள், பலகையை இழுத்து டக்கென்று அடிப்பாள். நாலு அடிக்குள் விடை வந்துவிட வேண்டும். ஐந்தாவது அடி விழுந்தால் அவள் தோற்றாள், அன்றைக்குப் பாத்திரம் அவள் தேய்க்க வேண்டும். வந்துவிட்டால் நான். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஏழெட்டு மாதமும் எங்கள் வீட்டுப் பாத்திரத்தை நான்தான் தேய்த்தேன்.

இதில் அம்மாவின் கூத்து தனி. மருமகள் ஆபீசுக்குப் போவதில் அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை. "இவ போய்ட்டா தறிய யாரு, ஏகாம்பரநாதரா வந்து நெய்வாரு?" என்று முனகுவாள். முனகிக்கொண்டே ராட்டையைச் சுற்றுவாள். ஆனால் காதில் விழுவதை என்ன செய்வது? ஒரு நாள் நான் "ஹங்கேரியின் தலைநகர்?" என்று கேட்டேன். அண்ணி இரண்டு அடி யோசித்தாள். மூன்றாவது அடி விழுவதற்குள் ராட்டைப் பக்கத்திலிருந்து, "புடாபெஸ்ட்! எத்தினி தபா சொல்றது?" என்று ஓர் அதட்டல். நானும் அண்ணியும் சிரித்த சிரிப்பில் ஓர் இழை அறுந்தே போய்விட்டது. அறுந்ததற்கும் அம்மா திட்டினாள்.

நான் எப்படி அந்தப் பரீட்சை எழுதப் போனேன் என்று கேளுங்கள். அண்ணன் விண்ணப்பப் படிவம் வாங்கப் போனவர், எழுதும்போது ஒன்று பாழானால் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கி வந்தார். அண்ணி ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதி முடித்துவிட்டாள். மிச்சப் படிவம் ஒன்று அப்படியே கிடந்தது. "வீணாப் போவுதே. நீ போட்டு வையி பாப்பா, எனக்கும் தொணையாச்சு" என்றாள். மிச்சமான தாளில் கிடைத்த உத்தியோகம் என்னுடையது. இதை ஆபீசில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் ஊற்றெடுத்தால் தறி ஓடாது. ஆகா, இனி நாள் முழுக்கப் படிக்கலாம் என்று அண்ணி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் கேள்வி படித்தேன். அண்ணி விழித்தாள். அடுத்த கேள்வி. அதற்கும் அதே விழி. முந்தின நாள் பட்பட்டென்று சொன்ன விடைகள்! "வாயில நிக்குது பாப்பா, வெளிய வர மாட்டேங்குது" என்று தொடையைத் தட்டிக்கொண்டாள். எனக்கு விளையாட்டுப் புத்தி. பக்கத்தில் கிடந்த, அளவெடுக்கிற அடிக்குச்சியை எடுத்துத் தரையில் டக்கு, டக்கு என்று பலகை அடிக்கிற கதியில் தட்டினேன். அண்ணியின் கால் இரண்டும் தானாக அசைந்தன. மூன்றாவது தட்டுக்கு விடை வந்து விழுந்தது! பிறகென்ன, மழை விடுகிற வரைக்கும் நான் ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் அடிக்குச்சியுமாக உட்கார்ந்திருந்தேன். அண்ணி படித்ததெல்லாம் அவள் காலில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமில்லை என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும்.

பரீட்சை செங்கல்பட்டில். விடிந்ததும் முதல் பஸ்ஸில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் போனோம். அண்ணி நூல் சேலைதான் கட்டியிருந்தாள். எத்தனை கல்யாணப் பட்டு அவள் கையால் நெய்து போயிருக்கும்! எலுமிச்சம்பழச் சாதம் ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு. காலையில் தமிழ்ப் பரீட்சை. அது இருவருக்கும் சுலபமாகவே போயிற்று. மதியம் வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எலுமிச்சம்பழச் சாதத் தூக்கு காலியாக இருந்தது. "டென்ஷன்ல தெரியாம துன்னுட்டேன்" என்றார். பரீட்சை எழுதினது நாங்கள், டென்ஷன் அவருக்கு!

மதியம் பொது அறிவுத் தாள். சேர்த்து அனுப்பிய விண்ணப்பம் என்பதால் எங்கள் நம்பர்களும் அடுத்தடுத்து. அண்ணி முன்னால், நான் அவளுக்கு நேர் பின்னால். கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முக்கால்வாசி நான் தொண்டை கிழியப் படித்த கேள்விகள். அண்ணியின் பேனாவும் ஓட ஆரம்பித்தது. குனிந்து பார்த்தேன். டெஸ்க்குக்குக் கீழே அவள் பாதங்கள், இடது, வலது, இடது, வலது என்று மிதித்துக்கொண்டிருந்தன. அடேயப்பா, அண்ணி தறி போட்டுவிட்டாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணிக்கு முன்னால் இருந்த பெண் எழுந்து ஏதோ சொன்னாள். மேற்பார்வையாளர் வந்தார். "இன்னாம்மா, காலை ஆட்டிக்கினே இருக்கே? டெஸ்க் ஆடுது, எழுத முடியலன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அசையாம உக்காந்து எழுதும்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணி மரியாதையாக, "சரிங்க சார்" என்று காலிரண்டையும் பின்னிக்கொண்டாள். அத்தோடு அவள் பேனாவும் நின்றுவிட்டது.

அவள் முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு முறை தலையைத் தூக்கிக் கூரை ஓட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். எழுதவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோடு போடக் கொண்டுபோன அடிக்குச்சி என் டெஸ்க்கில் இருந்தது. மெதுவாக, நாலைந்து தடவை தட்டினால் போதும். தட்டினால் என்னையும் அதட்டுவார்கள், எழுப்பி வெளியே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தால் மட்டும் நான் சும்மா இருக்கவில்லை. எனக்கு இன்னும் மூன்று கேள்வி பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத் தட்டலாம் என்று நினைத்தேன். முடித்தேன். மணி அடித்துவிட்டது.

பஸ்ஸில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். "எப்பிடி எழுதின பாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "சுமாரா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன்.

முடிவு பேப்பரில் நம்பராக வந்தது. அண்ணன் டீக்கடையிலிருந்து பேப்பரையே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். என் நம்பர் இருந்தது. அதற்கு முந்தின நம்பர் இல்லை. அண்ணி பேப்பரை வாங்கித் தரையில் விரித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தாள். "நம்ம வூட்டுக்கு ஒன்னு வந்துச்சில்ல? அதுவே பெரிசு" என்று சொல்லி என் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். பிறகு போய்க் குழியில் காலை விட்டுக்கொண்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு அழுதது அம்மா. ஆபீசுக்குப் போகக் கூடாது என்று முனகிய அதே அம்மா, "அவளுக்குத் தெரியாத கேள்வியா?" என்று ராட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வேலையில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த நாற்காலி பிரம்பு அறுந்து தொங்கியது, ஒரு கால் குட்டை. ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டேன். அண்ணி எடுத்துக்கொண்டு நடந்தே ஆபீசுக்கு வந்தாள். மதிய நேரம், பெரியவர்கள் யாரும் இல்லை. "ஒக்காருங்க அண்ணி" என்று என் நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் இருக்கும். "ஆடுது பாப்பா. மடிச்சு ஒரு அட்டைய சொருவி வையி" என்று எழுந்துவிட்டாள்.

அவளிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றே நாற்பது வருஷம் ஓடிப்போயிற்று. நான் ரிட்டையரான மறுநாள் மாலையும் கழுத்துமாக எடுத்த போட்டோவைக் காட்டுவதற்காகப் பிள்ளையார்பாளையம் போனேன். அண்ணி முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து போட்டோவை எடுக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"அண்ணி, அன்னிக்கு நான் தட்டியிருக்கலாம். தட்டல."

எங்கே, எப்போது என்று அவள் கேட்கவில்லை. கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. "தெரியும். உன் பேனா ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுக்கினேதான இருந்துச்சு" என்றாள். பிறகு, "எத்தினி கேள்வி பாக்கி வெச்சிருந்த?" என்றாள்.

"மூணு."

"எது எது?"

இரண்டைச் சொன்னேன். எழுதிய விடையையும் சொன்னேன். தலையை ஆட்டினாள். "மூணாவது, பித்தளைல இன்னா இன்னா கலந்திருக்குதுன்னு ஒன்னு" என்றேன்.

"இன்னா எழுதின?"

"செம்பும் வெள்ளீயமும்."

அண்ணியின் கை நின்றது. "அது வெங்கலம். பித்தளைக்குத் துத்தநாகம்" என்றாள். அப்புறம் ஒரு கீரைக் குச்சியை எடுத்து என் மேல் எறிந்தாள். "அது ஒன்ன எனக்காவது வுட்டிருக்கலாம் இல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது. "அய்ய, பென்ஷன் வாங்கப் போறவ அழுவுறா பாரு" என்று எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

இப்போது பரீட்சையே வேறு மாதிரி. பேப்பரில் நம்பர் தேடுவதும் இல்லை, பழைய மந்திரிகளை அடிப்பதும் இல்லை. எல்லாம் போனில் வந்துவிடுகிறது. என் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கடலை வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று மனசு கேட்காமல், "உனக்கு வயசு தாண்டியிருக்குமேம்மா?" என்று கேட்டுவிட்டேன். "அந்த லிமிட்டெல்லாம் எங்களுக்கு இப்ப இல்ல ஆன்ட்டி, எப்பவோ தளர்த்திட்டாங்க. எத்தினி தபா வேணா எழுதலாம்" என்றாள்.

எத்தனை தடவை வேண்டுமானாலும்! இதை உடனே சொல்லியாக வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளையார்பாளையம் திரும்புகிற தெருமுனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தும் விட்டேன். அங்கே போய்த்தான் நின்றேன். அண்ணி போய் ஆறு வருஷமாகிறது.